ஆங்கிலத்திலும் புணர்ச்சி உண்டு

புணர்ச்சி என்றவுடன் நம் மாணவர்க்கு நினைவில் எழுவது தமிழ்த் தேர்வுத்தாளே. 'மரம்' என்பதனோடு 'கள்' சேர்ந்து 'மரங்கள்' ஆவதையும், 'வாழை' என்பதனோடு 'பழம்' சேர்ந்து 'வாழைப்பழம்' ஆவதையும் விதி கூறி விளக்குமாறு தமிழ் வகுப்பில் கேட்கிறோம். அதே மாணவர் அடுத்த பாடவேளையில் ஆங்கில வகுப்பில் அமர்கிறார். அங்கே புணர்ச்சி என்னும் பேச்சே எழுவதில்லை. ஆதலின், ஆங்கிலம் புணர்ச்சி இல்லாத எளிய மொழி என்றும், தமிழ் வேண்டாத விதிகளைச் சுமந்து நிற்கும் மொழி என்றும் ஓர் எண்ணம் இளமையிலேயே வேரூன்றி விடுகிறது. தமிழைக் கைவிடுதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் இதுவும் ஒன்றாகிவிட்ட நிலையில், இவ்வெண்ணம் பொருந்துமா என்பதை ஆங்கிலச் சொற்களைக் கொண்டே ஆராய்ந்து பார்ப்பது நம் கடன்.

அளக்கும் கோல்

புணர்ச்சியில் முதலில் நிற்கும் சொல்லை நிலைமொழி என்றும், அடுத்து வந்து சேர்வதை வருமொழி என்றும் வழங்குகிறோம். இரண்டும் மாற்றமின்றிச் சேர்ந்தால் அஃது இயல்புப் புணர்ச்சி. மாற்றம் நிகழுமாயின் அது விகாரப் புணர்ச்சி. தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகைப்படும். ஓர் ஒலி புதிதாக வரலாம். ஓர் ஒலி வேறோர் ஒலியாக மாறலாம். இருந்த ஒலி மறையலாம். எம்மொழியின் புணர்ச்சியையும் அளத்தற்கு இக்கோல் போதுமானது. மேனாட்டு மொழியியலாரும் இத்தகைய மாற்றங்களைக் குறிக்க வடமொழி இலக்கணத்திலிருந்து 'சந்தி' என்னும் சொல்லையே கடன்கொண்டு வழங்குகின்றனர். பகுதி, விகுதி முதலிய பொருளுடைய சிறு கூறுகளை உருபன் என்றும், உருபன்கள் சேருமிடத்து நிகழும் ஒலிமாற்றங்களை ஆராயும் துறையை உருபொலியனியல் என்றும் இன்று நாம் தமிழில் குறிக்கிறோம்.

மேலும் செல்வதற்குமுன் ஒரு வேறுபாட்டை மனத்திற்கொள்ளுதல் வேண்டும். 'பக்கம்', 'பங்கு' என்னும் இரு சொற்களையும் தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பார்ப்போம். முதற்சொல்லின் ககரத்தில் குரல்நாண்கள் அதிர்வதில்லை. இரண்டாவதன் ககரத்தில் அதிர்கின்றன. அதிர்வில்லாதது ஒலிப்பிலா ஒலி. அதிர்வுடையது ஒலிப்புடை ஒலி. தமிழில் இடம் நோக்கி இது தானே அமைந்துவிடுவதால் ஓரெழுத்தே இரண்டிற்கும் போதுகிறது. ஆங்கிலத்திலோ இவ்வேறுபாடு பொருளையே மாற்றும். பேனாக்களைக் குறிக்கும் 'பென்ஸ்' என்னும் பன்மைச் சொல்லும், பிரித்தானியச் சில்லறைக் காசினைக் குறிக்கும் 'பென்ஸ்' என்னும் சொல்லும் தமிழ் எழுத்தில் ஒன்றேயாகத் தோன்றும். ஆங்கிலச் செவிக்கு அவை வேறு வேறு சொற்கள். முன்னதன் இறுதி ஒலிப்புடையது. பின்னதன் இறுதி ஒலிப்பிலாதது.

ஒரு விகுதி, மூன்று வடிவம்

ஆங்கிலப் பன்மை விகுதியை எழுத்தில் 'எஸ்' என்று கற்பிக்கிறோம். செவிக்கு அது மூன்று வடிவினது. 'கேட்' என்னும் பூனை பன்மையில் 'கேட்ஸ்' ஆகும்போது இறுதியில் ஒலிப்பது ஒலிப்பிலா ஸகரம். 'பெல்' என்னும் மணி 'பெல்ஸ்' ஆகும்போது ஒலிப்பது ஒலிப்புடை ஸகரம், அதாவது 'இசட்' என்னும் எழுத்தின் ஒலி. 'பஸ்' என்பது 'பஸ்ஸிஸ்' ஆகும்போது இடையே ஓர் இகரமும் தோன்றுகிறது.

விதி தெளிவானது. நிலைமொழியின் ஈறு ஒலிப்பிலா ஒலியாயின் விகுதியும் ஒலிப்பிலாததாகும். ஈறு உயிராகவோ ஒலிப்புடை மெய்யாகவோ இருப்பின் விகுதியும் ஒலிப்புடையதாகும். ஈறு ஸகரம், ஷகரம், சகரம் போன்ற சீறொலியாயின், இரண்டு சீறொலிகள் அடுத்தடுத்து நிற்க இயலாமையின் நடுவே ஓர் உயிர் தோன்றும். உடைமைப் பொருளில் வரும் 'எஸ்' விகுதிக்கும், வினைமுற்றில் படர்க்கை ஒருமையைக் காட்டும் 'எஸ்' விகுதிக்கும் இதே விதிதான்.

இறந்தகால விகுதியும் இவ்வாறே நடக்கிறது. 'வாக்' என்னும் வினை 'வாக்ட்' ஆகும்போது விகுதி ஒலிப்பிலா டகரம்; 'கால்' என்னும் வினை 'கால்ட்' ஆகும்போது ஒலிப்புடை டகரம்; 'வான்ட்' என்பது 'வான்ட்டிட்' ஆகும்போது டகரமும் டகரமும் மோதாதிருக்க இடையில் ஓர் உயிர். எழுத்தில் மூன்றும் ஒன்றே. ஆதலால் மூன்று வடிவம் இருப்பதையே பலர் உணர்வதில்லை.

இவ்விதியை ஆங்கிலக் குழந்தைகள் மனப்பாடமாகக் கற்கின்றனரா? ஜீன் பெர்க்கோ என்னும் அமெரிக்க மொழியியல் அறிஞர் 1958இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. அவர் ஒரு கற்பனை உயிரினத்தின் படத்தைச் சிறுவர்க்குக் காட்டி, அதற்கு 'வக்' என்று பெயரிட்டார். பின்னர் அவ்வுயிரினம் இரண்டு உள்ள படத்தைக் காட்டி, இப்போது இருப்பவை இரண்டு என்ன என்று கேட்டார். அச்சொல்லைச் சிறுவர் எவரும் முன்னர்க் கேட்டிருக்க இயலாது. ஆயினும், ஒலிப்புடை ஸகரம் சேர்த்துச் சரியான பன்மையைப் பெரும்பாலோர் கூறினர். சீறொலியில் முடியும் புதுச்சொற்களில் அவர்கள் அதே அளவு தேறவில்லை. பலர் விகுதி சேர்க்காமலே விட்டனர். சொற்களைத் தனித்தனியே மனனம் செய்வதோடு நில்லாமல் குழந்தை விதியையும் உள்வாங்குகிறது என்பதும், விதியின் எளிய பகுதி முன்னும் அரிய பகுதி பின்னும் வந்து அமைகின்றன என்பதும் இதனால் புலனாயின.

மூக்கொலி திரியும் முன்னொட்டு

தமிழில் மகரம் ககரத்தின்முன் ஙகரமாகத் திரிவதால் 'மரங்கள்' பிறக்கிறது. இதற்கு நேர் ஒப்பானது 'இன்' என்னும் எதிர்மறை முன்னொட்டு. 'பாஸிபிள்' என்பதன்முன் அது 'இம்' ஆகி 'இம்பாஸிபிள்' என வரும். 'லீகல்' என்பதன்முன் 'இல்' ஆகி 'இல்லீகல்' என வரும். 'ரெகுலர்' என்பதன்முன் 'இர்' ஆகி 'இர்ரெகுலர்' என வரும். வருமொழி முதலொலிக்கு ஏற்ப நிலைமொழியின் மூக்கொலி திரிவதே இது. பகரத்திற்கு இதழ்கள் பொருந்தவேண்டியிருப்பதால், மூக்கொலியின்போதே அவை பொருந்திவிட, னகரம் மகரமாகி விடுகிறது.

இத்திரிபு ஆங்கில மண்ணில் தோன்றியதன்று. இலத்தீன் மொழியில் நிகழ்ந்து, சொல்லோடு சேர்ந்து ஆங்கிலத்திற்கு வந்தது. அங்கே 'நோக்கி' என்னும் பொருள் தரும் 'அட்' என்னும் முன்னொட்டும் இவ்வாறே திரிந்தது. அதன் டகரம், பின்வரும் மெய்யாகவே மாறி அம்மெய்யை இரட்டிக்கச் செய்தது. 'அப்பியர்', 'அஃபர்ம்', 'அஸிஸ்ட்', 'அட்டெண்ட்' முதலிய சொற்களில் மெய்யெழுத்து இரண்டாக எழுதப்படுவதன் காரணம் இதுவே. வந்தடைதலைக் குறிக்கும் 'அரைவ்' என்னும் சொல்லில் ரகரம் இரண்டு. அங்கே மறைந்து நிற்பது 'கரையை நோக்கி' என்னும் பொருளுடைய இலத்தீன் தொடர். கப்பல் கரை சேர்வதைக் குறித்த சொல்லே பின்னர் எவ்விடத்தை அடைவதற்கும் ஆயிற்று. ஒற்று இரட்டிப்பதன் காரணம் தெரிந்த மாணவர்க்கு இவ்வெழுத்துக்கூட்டல் வெறும் மனப்பாடமாக இராது.

நம் நாடுகளில் அன்றாடம் வழங்கும் மலாயும் இதற்குச் சான்று பகரும். 'மெ' என்னும் முன்னொட்டு 'பாச்சா' என்பதனோடு சேர்ந்து 'மெம்பாச்சா' ஆகிறது. அங்கே ஒலிப்புடை பகரம் நிலைத்து, அதற்கு இனமான மகரம் தோன்றியது. 'புக்குல்' என்பதனோடு சேரும்போது 'மெமுக்குல்' ஆகிறது. ஒலிப்பிலா பகரம் கெட்டு மகரம் அதன் இடத்தில் நின்றது. மும்மொழி பேசும் நம் சிறுவர் மூன்று மொழியிலும் இனவெழுத்து நோக்கும் இயல்பை அறியாமலே அறிந்திருக்கின்றனர்.

கெட்ட ஒலியும் மீளும் ஒலியும்

உயிர்முதற் சொல்லின்முன் 'அன்' என்றும், மெய்ம்முதற் சொல்லின்முன் 'அ' என்றும் வரும் ஆங்கிலச் சுட்டிடைச்சொல்லை எல்லோரும் அறிவர். உயிர் வரும்போது னகரம் தோன்றுகிறது என்றே பள்ளியில் விளக்குவது வழக்கம். வரலாறு இதற்கு மறுதலையானது. பழைய ஆங்கிலத்தில் 'ஒன்று' என்னும் எண்ணுப்பெயரே இச்சொல். னகரம் அதற்கு உரியது. மெய்யின்முன் அது கெட்டது, உயிரின்முன் நிலைத்தது. தமிழில் 'ஒரு', 'ஓர்' என்னும் வடிவங்கள் மெய்யும் உயிரும் நோக்கி அமைவதனோடு இதனை ஒப்பிட்டுக் காணலாம்.

இப்புணர்ச்சியால் சொற்களின் எல்லையே சில இடங்களில் பெயர்ந்தது. மேலாடை அழுக்காகாமல் அணியும் 'ஏப்ரன்' முன்னர் 'நேப்ரன்' எனப்பட்டது. முன்நின்ற சொல்லோடு அதன் னகரம் ஒட்டிவிட, தலையிழந்த வடிவமே சொல்லாக நிலைத்தது. ஒருவகை நச்சுப்பாம்பைக் குறிக்கும் 'ஆடர்' என்பதும் இவ்வாறே னகரத்தை இழந்தது. இதற்கு மாறாக, பட்டப்பெயரைக் குறிக்கும் 'நிக்நேம்' என்பது 'கூடுதற் பெயர்' என்னும் பொருளில் 'ஈக்நேம்' என்றிருந்து, முன்சொல்லின் னகரத்தைத் தனதாக்கிக் கொண்டது. ஆரஞ்சுப் பழத்தின் பெயரும் வடமொழி 'நாரங்கம்' என்பதனோடு தொடர்புடையது. அதற்குத் திராவிட மூலம் இருத்தல் கூடும் என்பது அறிஞர் பலர் கருத்து. ஆயின் அதன் னகரம் ஆங்கிலத்தை அடையுமுன்பே, ஐரோப்பிய மொழிகளின் வழியில் நீங்கிவிட்டது.

இன்னொரு வகைக் கெடுதலும் உண்டு. கையொப்பமிடுதலைக் குறிக்கும் 'சைன்' என்னும் சொல்லில் எழுதப்படும் ககரம் ஒலிப்பதில்லை. அதனோடு உயிர்முதல் விகுதி சேர்ந்து 'சிக்னேச்சர்' ஆகும்போது ககரம் மீண்டு ஒலிக்கிறது. 'பாம்' என்னும் வெடிகுண்டின் இறுதிப் பகரம் ஊமையாயினும், 'பம்பார்ட்' என்னும் வினையில் அது வாய் திறக்கிறது. இலையுதிர் காலமாகிய 'ஆட்டம்' என்னும் சொல்லின் ஊமை னகரம், 'ஆட்டம்னல்' என்னும் பெயரடையில் ஒலி பெறுகிறது. சொல்லிறுதியில் இரு மெய்கள் ஒலிக்க இயலாதபோது ஒன்று கெடுகிறது. உயிர் வந்து இடம் தந்தவுடன் கெட்டது மீள்கிறது. பயனற்றவை என்று மாணவர் கருதும் ஊமையெழுத்துகளுள் பல இவ்வாறு உறவுச்சொற்களில் விழித்தெழுவன.

உடம்படுமெய்

'மணி' என்பதனோடு 'ஓசை' சேரும்போது 'மணியோசை' என யகரம் வருகிறது. 'பலா' என்பதனோடு 'இலை' சேரும்போது 'பலாவிலை' என வகரம் வருகிறது. இரண்டு உயிர்கள் நேர்நிற்க இயலாதபோது உடம்படுமெய் தோன்றி இணைக்கிறது. ஆங்கிலப் பேச்சிலும் 'சீ இட்' என்பது 'சீயிட்' போலவும், 'கோ ஆன்' என்பது 'கோவான்' போலவும் ஒலிப்பதைக் கூர்ந்து கேட்டால் உணரலாம்.

ஆகார ஓசைக்குப் பின் தமிழ் வகரத்தை நாட, தென் இங்கிலாந்தின் பேச்சு ரகரத்தை நாடுகிறது. அங்கே 'ஃபார்' என்னும் சொல்லைத் தனியே கூறும்போது இறுதி ரகரம் ஒலிக்காது; 'ஃபார் அவே' என்று உயிர் தொடரும்போது ஒலிக்கும். இது பழைய ரகரம் மீள்வது. நாளடைவில் ரகரமே இல்லாத சொற்களிலும் அது நுழைந்தது. 'லா அண்ட் ஆர்டர்' என்னும் தொடரைப் பலர் 'லாரண்ட் ஆர்டர்' என்கின்றனர். எழுத்தில் இல்லாத அந்த ரகரம் உடம்படுமெய்யே ஆகும்.

நா நெகிழும் இடமும் உயிர் திரியும் இடமும்

'அடித்து' என்னும் எழுத்துவழக்கு பேச்சில் 'அடிச்சு' ஆவதை நாம் அறிவோம். முன்நிற்கும் இகரம் நாவை அண்ணத்தை நோக்கி உயர்த்துவதால் தகரம் சகரமாகிறது. ஆங்கிலத்தில் 'ஆக்ட்' என்பதன் டகரம், யகர ஓசையோடு தொடங்கிய விகுதியைச் சந்தித்தபோது ஷகரமாகத் திரிந்து 'ஆக்ஷன்' ஆயிற்று. 'பிரஸ்' என்பது 'பிரஷர்' ஆனதும் இவ்வகையே. 'இலெக்ட்ரிக்' என்பதன் ககரம் 'இலெக்ட்ரிசிட்டி' என்பதில் ஸகரமாவதும் இகரத்தின்முன் நாவினம் நகர்ந்த பழைய வரலாற்றின் எச்சமே.

உயிரொலிகளின் திரிபு இதனினும் வியப்புக்குரியது. 'டிவைன்' என்பது 'டிவினிட்டி' ஆகிறது. 'ஸெரீன்' என்பது 'ஸெரெனிட்டி' ஆகிறது. 'ஸேன்' என்பது 'ஸானிட்டி' ஆகிறது. முன்காலத்தில் இவை வெறும் நெடில், குறில் வேறுபாடே. நீண்ட விகுதி சேர்ந்தபோது நெடில் குறுகியது. பின்னர், ஏறத்தாழ 15ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டுவரை, ஆங்கில நெடில்கள் யாவும் தம் ஒலிப்பிடத்தை மாற்றிக்கொண்டன. ஈகாரம் ஐகாரம் போலவும் ஏகாரம் ஈகாரம் போலவும் மாறின. குறில்கள் பெரிதும் அசையவில்லை. எனவே, உடன்பிறந்த நெடிலும் குறிலும் இன்று உறவறியாதவைபோல் ஒலிக்கின்றன. எழுத்தில் மட்டும் அவை இன்றும் ஒன்றே. நோம் சாம்ஸ்கியும் மோரிஸ் ஹாலேயும் 1968இல் வெளியிட்ட ஆங்கில ஒலியமைப்பு நூலில், ஆங்கில எழுத்துக்கூட்டல் இத்தகைய உறவைக் காப்பதால் அது பலர் எண்ணுவதுபோல் முறையற்றதன்று என வாதிட்டனர்.

அசையழுத்தமும் இடம்பெயரும். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதலசை அழுத்தம் பெறும். 'ஃபோட்டாகிராஃபி' என்பதில் இரண்டாமசை. 'ஃபோட்டோகிராஃபிக்' என்பதில் மூன்றாமசை. அழுத்தம் நீங்கிய உயிர் தேய்ந்து ஒலிக்கும். தமிழில் அழுத்தம் பொருளை வேறுபடுத்தாமையால் இவ்விடத்தில் நம்மவர் இடர்ப்படுவது இயல்பே.

ஒரு மொழிக்குள் இரு விதிகள்

ஒரு வினா எஞ்சுகிறது. 'இன்' என்னும் முன்னொட்டு 'இம்', 'இல்', 'இர்' எனத் திரிய, அதே எதிர்மறைப் பொருளுடைய 'அன்' ஏன் எழுத்தில் திரிவதில்லை? 'அன்பாப்புலர்', 'அன்லாஃபுல்', 'அன்ரியல்' என அது மாறாமல் நிற்கிறது. 'கியூரியஸ்' என்பதனோடு 'இட்டி' சேர்ந்தால் 'கியூரியாஸிட்டி' என உயிரும் அழுத்தமும் மாற, 'நெஸ்' சேர்ந்தால் 'கியூரியஸ்நெஸ்' என எதுவும் மாறாதிருப்பது ஏன்?

'அன்', 'நெஸ்' முதலியவை ஆங்கிலத்தின் தாய்வழி ஒட்டுகள். 'இன்', 'இட்டி' முதலியவை இலத்தீன், பிரெஞ்சு வழி வந்தவை. வந்த ஒட்டுகள் தம் புணர்ச்சியையும் உடன் கொணர்ந்தன. தமிழிலும் இந்நிலை உண்டு. 'சூரிய' என்பதும் 'உதயம்' என்பதும் சேர்ந்து 'சூரியோதயம்' ஆவது வடமொழி முறை. அகரத்தின்பின் வகர உடம்படுமெய் பெறும் தமிழ் முறை அங்கே இயங்கவில்லை.

தாய்வழிச் சொற்களிலும் பழைய திரிபுகள் உள்ளன. 'நைஃப்' பன்மையில் 'நைவ்ஸ்' ஆகிறது. 'வுல்ஃப்' என்பது 'வுல்வ்ஸ்' ஆகிறது. பழைய ஆங்கிலத்தில் ஒலிப்புடை ஒலிகளின் நடுவே நின்ற 'ஃப்' ஒலிப்புடையதானதன் தடம் இது. பிரெஞ்சிலிருந்து பின்னர் வந்த 'சீஃப்' என்னும் சொல் மாறுவதில்லை. 'வைஃப்' என்பதன் பன்மை 'வைவ்ஸ்' ஆயினும், 'மனைவியுடைய' என்னும் உடைமைப்பொருளில் 'வைஃப்ஸ்' என்றே நிற்கிறது. விதி இறந்த பின்னும் சில சொற்களில் அதன் வழக்கு எஞ்சுகிறது. அவற்றையே நாம் விதிவிலக்கு என்கிறோம்.

வகுப்பறைக்கு உரியவை

இவ்வாய்வினால் நாம் பெறத்தக்க பயன்கள் மூன்று. முதலாவது, ஆங்கிலம் கற்பித்தலில். நம் நாட்டுப் பேச்சில் சொல்லிறுதி மெய்க்கூட்டு தேய்வதுண்டு. 'வாக்ட்' என்பது 'வாக்' என்றே ஒலிக்கும்போது, செவியில் இல்லாத விகுதியை மாணவர் எழுத்திலும் விட்டுவிடுகின்றனர். மூன்று வடிவங்களையும் ஒலித்துக் காட்டிப் பழக்கினால் இப்பிழை குறையும்.

இரண்டாவது, எழுத்துக்கூட்டலில். ஓர் ஊமையெழுத்தோ இரட்டை மெய்யோ ஐயம் தரும்போது, அச்சொல்லின் உறவுச்சொல்லைத் தேடுமாறும் முன்னொட்டைப் பிரிக்குமாறும் மாணவரைப் பழக்கலாம். பகுபதத்தைப் பிரித்துக் காணும் தமிழ்ப் பயிற்சி இங்கே நேராகக் கைகொடுக்கும்.

மூன்றாவது, தமிழ் கற்பித்தலில். 'தந்த பலகை' என்றால் ஒருவர் கொடுத்த பலகை; 'தந்தப் பலகை' என்றால் யானைத் தந்தத்தால் ஆன பலகை. ஓர் ஒற்று பொருளைக் காக்கிறது. இத்தகைய ஒற்றை எழுத்தில் காட்டுவது தமிழின் வழக்கம். ஆங்கிலம் பல இடங்களில் பேச்சில் மட்டும் வைத்து எழுத்தில் மறைக்கிறது. இரு மொழியிலும் விதிகள் உள்ளன. தமிழ் அவற்றைத் தொகுத்து, பெயரிட்டு, வகுப்பறையில் வைத்தது. அதனால் அவை மிகுதியாகத் தோன்றுகின்றன.

ஆகவே, புணர்ச்சிப் பாடத்தைத் தொடங்கும் நாளில் ஆசிரியர் முதலில் 'கேட்ஸ்', 'பெல்ஸ்', 'பஸ்ஸிஸ்' என்னும் மூன்று சொற்களைக் கரும்பலகையில் எழுதி, மாணவரை உரக்க ஒலிக்கச் சொல்லி, இறுதி ஒலிகள் ஏன் வேறுபடுகின்றன எனக் கேட்கலாம். அவ்வினாவிற்கு விடை தேடும் மாணவர், 'மரங்கள்' என்னும் சொல்லை அடையும்போது புணர்ச்சியைத் தமிழுக்கு மட்டும் உரிய சுமையாகக் கருதமாட்டார்.